ஸாரிக்கு நான்கு பதில்

இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்காமலே இல்லை என்று சொல்வதற்கு இங்கிலீஷில் பதினான்கு வழிகள் இருக்கின்றன என்பாள் கயல்விழி. கூத்தாநல்லூர் கடைத்தெருவில் யூனுஸ் பாயின் ஜவுளிக்கடை மாடியில் அவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். அங்கே உட்கார்ந்து அந்தப் பதினான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனவர்கள் இன்று துபாயில் ஓட்டல் வாசலிலும் சிங்கப்பூரில் கடை கவுண்டரிலும் நின்று உலகத்துக்கே இல்லை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவன் கோபப்படாமல், சிரித்த முகமாகத் திரும்பிப் போக வேண்டும். அதுதான் பாடம்.

சொல்லைவிடப் பதில்தான் முக்கியம் என்பது அவள் கட்சி. "அவங்க சொல்றது புரிஞ்சா மட்டும் பத்தாது. திருப்பிச் சொல்லத் தெரியணும்" என்று பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வாள். தேங்க் யூவுக்கு ஒரு பதில். ஹவ் ஆர் யூவுக்கு ஒரு பதில். ஸாரிக்கு மட்டும் நான்கு. காலை மிதித்தவனுக்கு இட்ஸ் ஆல் ரைட். காக்க வைத்தவனுக்கு நெவர் மைண்ட். சாமானை உடைத்துவிட்டு முழிப்பவனுக்கு டோன்ட் வொரி. எதற்கு ஸாரி சொல்கிறான் என்றே தெரியாவிட்டால் நோ ப்ராப்ளம். "பதில் தெரியாம நிக்கிறவன எவன் வேணும்னாலும் ஏமாத்துவான்" என்று முடிக்கும்போது அவள் குரல் ஏறிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம், அவர்களுக்கும் அந்தக் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது இருபது வருடமாக ஒரே ஆளுக்கென்று எடுத்து வைத்திருந்த கோபம்.

அந்த ஆள் தை மாதம் கடைசியில் ஒரு மத்தியானம் தானாகவே மாடிப்படி ஏறி வந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். நரைத்த தாடியை ஒட்ட வெட்டியிருந்தார். கைத்தறிச் சட்டை, தோளில் துணிப்பை. பெங்களூரில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து பாரம்பரிய நெல் போடுகிறார் என்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயர் ஹரிசங்கர். ஒரு காலத்தில் கயல்விழியின் ஊரில் பாதி நஞ்சை சாமா அய்யருடையது. அவருடைய ஒரே மகன் இவர்.

"நீங்கதானே கயல்விழி மேடம்? வாய்க்கால் ஓரமா ரோட்டை ஒட்டி இருக்கிற ஆறு மா உங்களோடதுன்னு சொன்னாங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிறது என் வயல்" என்றார்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்கும் தெரியும். மறப்பதற்கு அவருக்கு என்ன, நினைத்துக்கொள்வதற்கே ஒன்றும் இருந்ததில்லை.

அவளுக்கு இருந்தது.

அப்போது கயல்விழி பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் முதல் மார்க். அப்பா இராஜாங்கம் சாமா அய்யர் வயலில் நாற்று பிடுங்கியும் நடவு பார்த்தும் வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அந்தப் பரம்பரையில் முதன்முதலாக மூன்று மா நிலம், ஒரு ஏக்கர், சொந்தமாக வாங்கியவர் இராஜாங்கம். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால்தான் அது அவருக்குக் கட்டுபடியாகும் விலைக்கு வந்தது. மூன்று பக்கமும் வடிகால். நாலாவது பக்கம் ரோடு வரைக்கும் சாமா அய்யரின் வயல். அறுவடை மெஷின் உள்ளே போக வேண்டுமானால் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

இதில் பிரச்சினை எதுவும் வரக்கூடாது. காவிரித் தண்ணீர் பாயும் ஊர் எதிலும் இதற்கு ஒரே வழக்கம்தான். நடு வயல்காரன் மெஷினுக்கு வழி கேட்டால் ரோட்டு வயல்காரன் தந்துவிட வேண்டும். பயிர் நின்றாலும் சரி, பத்தடி அகலத்துக்கு அறுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வழி விடுவார்கள். அழிந்ததற்கு ஈடாக நடு வயல்காரன் களத்திலேயே நெல்லை அளந்து கொடுப்பான். பங்காளிகள் கோர்ட்டில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற வீடுகளில்கூட வழி மட்டும் கேட்டால் கிடைக்கும். இன்று நீ மறித்தால் நாளை உன் தண்ணீரை அவன் மறிப்பான் என்பதால் வந்த வழக்கமோ, நல்ல மனசால் வந்ததோ, யாருக்கும் தெரியாது. வழி இல்லை என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தையில் சாமா அய்யர் படுக்கையில் கிடந்தார். நிலத்தைப் பார்த்துக்கொள்ள மகன் லீவில் வந்திருந்தார். ரோட்டு வயலில் நெல்லை அறுத்து முடித்து உளுந்து தெளித்து, அது இரண்டு இலை விட்டிருந்தது. இராஜாங்கம் மகளையும் அழைத்துக்கொண்டு போய் நின்றார். ஹரிசங்கர் பெங்களூருக்குப் புறப்பட்டு காரில் உட்கார்ந்திருந்தார். இராஜாங்கம் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஹரிசங்கர் நெற்றியைச் சுருக்கவில்லை, அதட்டவில்லை. கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே அழகாகச் சிரித்தார்.

"ஐ ஆம் ஸோ ஸாரி. ஐ ஆம் அஃப்ரெய்ட் தட் வோன்ட் பி பாஸிபிள். தேங்க் யூ ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்" என்றார்.

மன்னிக்க வேண்டும், அது முடியாது, புரிந்துகொண்டதற்கு நன்றி. இன்று அவளிடம் ஒரு மாதம் படித்தவன்கூட அதை அப்படியே சொல்லிவிடுவான். அன்று அவளுக்கு அது ஒரு காற்று மாதிரி முகத்தில் அடித்துவிட்டுப் போனது. பாடப் புத்தகத்து இங்கிலீஷை யாரும் அந்த வேகத்தில் பேசி அவள் கேட்டதில்லை. ஒரு ஸாரி, ஒரு தேங்க் யூ, ஒரு சிரிப்பு, இவ்வளவுதான் கையில் நின்றது.

"என்னம்மா சொல்றாரு சின்னய்யா?" என்று கேட்டார் அப்பா.

புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து நாள் முன்புதான் இங்கிலீஷில் முதல் மார்க் எடுத்ததற்குத் தலைமையாசிரியர் கையால் பேனா வாங்கியிருந்தாள். அந்தப் பேனாவை அப்பா தெரு முழுக்கக் காட்டியிருந்தார்.

"சரின்னு சொல்றாருப்பா" என்றாள்.

இராஜாங்கம் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். கார் போய்விட்டது. மறுநாள் பெல்ட் போட்ட அறுவடை மெஷின் வந்து ரோட்டோரம் நின்றது. வரப்பில் அய்யர் வீட்டுக் காரியஸ்தர் கம்போடு நின்றார். உளுந்தில் கால் வைத்தால் நடப்பதே வேறு என்றார். மெஷின்காரன் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான். இனி பத்து நாளாகும் என்றான். அன்று சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பயிர் படுத்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் அப்பாவும் அம்மாவும் அவளுமாகக் குனிந்து அறுத்து எடுத்த நெல்லை ஆடு மாட்டுக்குப் போட்டார்கள்.

அந்த நெல்லை நம்பித்தான் அவளுக்கு மன்னார்குடியில் காலேஜ் சீட்டு சொல்லி வைத்திருந்தது. காலேஜுக்குப் பதிலாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். ஹாஸ்டலில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, தினசரி இங்கிலீஷ் உரையாடல் புத்தகம் ஒன்றை அட்டை கிழிகிற வரைக்கும் படித்தாள். எல்லா வாக்கியத்தையும் ஒரே முகத்தை நினைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவள் பொறுத்தது பூமிக்காக இல்லை, பழிக்காக. ஆனால் பூமியும் வந்தது. தபாலில் பட்டம் முடித்தாள், கல்யாணமாயிற்று, புருஷன் சிங்கப்பூரில் நன்றாகச் சம்பாதித்தான். சாமா அய்யர் போன பிறகு ரோட்டு வயல் ஆறு மா விலைக்கு வந்தபோது, ஹரிசங்கர் யாருக்கோ பவர் எழுதிக் கொடுத்து விற்றதால் வாங்குவது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்த பன்னிரண்டு மாவை மட்டும் அவர் வைத்துக்கொண்டார்.

பத்திரம் கைக்கு வந்த அன்று அவள் வயலின் நடுவில் நின்று, பின்னால் கிடந்த அந்தப் பன்னிரண்டு மாவைப் பார்த்தாள். அதற்கும் மூன்று பக்கம் வடிகால்தான்.

போன வருடம் ஹரிசங்கர் முதன்முதலாகப் பயிர் வைத்தார். அப்போது கயல்விழியின் வயலை இராஜாங்கம் முதலிலேயே அறுத்துவிட்டதால் மெஷின் தாள் மேல் ஏறி அவர் வயலுக்குப் போய்விட்டது. வழி என்று ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இந்த வருடம் அவள் அப்பாவிடம் முதல் போகமாகக் குறுவை போடச் சொன்னாள். குறுவை போட்டால் அதை அறுத்த பிறகுதான் இரண்டாம் போகமான தாளடியை நட முடியும். தாளடி மாசிக் கடைசியில்தான் அறுப்புக்கு வரும். ஹரிசங்கரின் பாரம்பரிய நெல்லான ஆத்தூர் கிச்சிலிச் சம்பா தையிலேயே பழுத்துவிடும். அவருடையது பழுத்து நிற்கும்போது இவளுடையது பச்சையாக நிற்க வேண்டும். அதற்காக ஏழு மாதத்துக்கு முன்பே விதை வாங்கினாள். அப்பா அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது ஹரிசங்கர் அவள் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இந்த நெல் ஆள் உயரம் வளர்வதையும், ஒரு மழைக்குத் தாங்காமல் படுத்துவிடும் என்பதையும், வியாழக்கிழமை வாக்கில் மழை என்று ரேடியோவில் சொன்னதையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆள் வெச்சு அறுக்கலாம்னு பார்த்தேன். யாரும் கிடைக்கல. புதன்கிழமை மெஷின் கிடைக்கும்னு ஜாஃபர் சாதிக் சொன்னார். உங்க பயிர் நிக்குது, எனக்குத் தெரியுது மேடம். அழியறதுக்கு எத்தனை மூட்டை சொன்னாலும் தந்துடறேன். இருக்கிறதை எல்லாம் இதுலதான் போட்டிருக்கேன். இது போச்சுன்னா வீட்டைக் குடுத்துட்டுத் திரும்ப பெங்களூருக்கே போக வேண்டியதுதான். அங்கயும் இந்த வயசுக்கு எவன் வேலை தரப்போறான்."

நல்ல தமிழ். மரியாதையான தமிழ். மேடம், நீங்க, தந்துடறேன். அன்று அவள் அப்பாவுக்கு இதில் ஒரு சொட்டு கிடைக்கவில்லை.

இருபது வருடமாக வாயில் ஊறிக்கொண்டிருந்த வாக்கியம் நுனி நாக்குக்கு வந்துவிட்டது. ஐ ஆம் ஸோ ஸாரி. சொல்லியிருப்பாள். கடைசி நொடியில் புத்தி தடுத்தது. இங்கிலீஷில் சொன்னால் அவருக்கு உடனே புரிந்துவிடும். புரிந்தால் எழுந்து போய் ஊரில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர்கள் அப்பாவிடம் போவார்கள். வழக்கத்தைச் சொல்லிக் கேட்டால் அப்பாவால் மறுக்க முடியாது. இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து ஆளாவது பிடித்து வந்து அரிவாளால் அறுத்துவிடுவார். அதுவும் போக, அன்று வழி கிடையாது என்று தெரிந்துகொண்டா அப்பா திரும்பினார்? கும்பிட்டு, நன்றி சொல்லி, சந்தோஷமாகத் திரும்பினார். இவரும் அப்படித்தான் திரும்ப வேண்டும்.

அதற்கு இங்கிலீஷ் உதவாது. பதினான்கில் ஒன்றுகூட உதவாது.

"அதுக்கென்னங்க சார், பாத்துக்கலாம்" என்று சிரித்தபடி எழுந்து நின்றாள் கயல்விழி. "அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்றேன். நீங்க போயிட்டு வாங்க."

இந்தப் பக்கத்து மனிதர்கள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்வதில்லை. பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தாலும், தர முடியாத மாட்டை விலைக்குக் கேட்டாலும், அதுக்கென்ன பாத்துக்கலாம் என்பார்கள். சொல்கிறவர் கூட உட்கார்ந்து காபி கொடுத்து, நாள் குறித்துச் சொன்னால் அது சரி. நின்றுகொண்டே சிரித்து, நாளும் சொல்லாமல், போயிட்டு வாங்க என்றால் அது இல்லை. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். அதைக் கேட்டவன் மறுபடி அந்த வாசலை மிதிக்க மாட்டான்.

முப்பது வருடம் பெங்களூரில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்? ஹரிசங்கரின் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். கேக்கவே தயங்கிட்டு இருந்தேன். நீங்க இவ்வளவு நல்லபடியா பேசுவீங்கன்னு எதிர்பார்க்கல."

"யூ ஆர் வெல்கம்" என்றாள் அவள்.

அவர் படியிறங்கிப் போகிற சத்தம் ஓய்ந்த பிறகு கயல்விழி கதவைச் சாத்திவிட்டுத் தனியாகச் சிரித்தாள். அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. அடுத்த மூன்று நாளும் சோறு ருசித்தது. வகுப்பில் தப்பு செய்தவர்களைக்கூடத் திட்டவில்லை.

புதன்கிழமை வகுப்புக்கு லீவு விட்டாள். பத்து மணிக்கு வயலுக்குப் போய் ஸ்கூட்டரை நிறுத்தியபோது லாரியிலிருந்து மெஷினை இறக்கி ரோட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்து டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். மெஷின் புரோக்கர் ஜாஃபர் சாதிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுடைய பச்சைப் பயிரைப் பார்த்தபடி நின்றார். அவர் மனைவி கயல்விழியிடம்தான் படித்தவள்.

"நிக்கிற பயிர்ல சொந்தக்காரங்க சொல்லாம எறக்க மாட்டான் மேடம். அதான் நிக்கிறோம்" என்றார் ஜாஃபர்.

"வந்துட்டீங்களா மேடம், நல்லதாப் போச்சு" என்று ஹரிசங்கர் விரைந்து வந்தார். காலில் சேறு. கையில் அரிவாள். வழி அறுத்துவிடத் தானே அரிவாளோடு வந்திருந்தார். "எந்தப் பக்கம் இறங்கினா உங்களுக்குச் சேதம் கம்மியா இருக்கும்னு சொல்லுங்க. அந்தப் பக்கமே இறக்கச் சொல்றேன்."

கயல்விழி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் பழகித்தான் வைத்திருந்தாள்.

"ஐ ஆம் ஸோ ஸாரி. ஐ ஆம் அஃப்ரெய்ட் தட் வோன்ட் பி பாஸிபிள். தேங்க் யூ ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்."

ஒரு எழுத்து பிசகவில்லை. அவர் அன்று நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள், ஏற்றிய இடத்தில் ஏற்றினாள்.

"அன்னைக்கு சரின்னு சொன்னீங்களே" என்றார் ஹரிசங்கர்.

"சரின்னு சொல்லலைங்க சார். பாத்துக்கலாம்னு சொன்னேன்."

ஹரிசங்கர் ஜாஃபரைத் திரும்பிப் பார்த்தார். ஜாஃபர் தரையைப் பார்த்தார்.

"பாத்துக்கலாம்னா சொன்னாங்க?" என்றார் ஜாஃபர் மெதுவாக. "அப்பவே எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா சார்? நான் மெஷினையே ஏத்தியிருக்க மாட்டேனே."

ஏன் என்று கேட்பார் என்று கயல்விழி காத்திருந்தாள். கேட்டால் சொல்வதற்கு இருபது வருடக் கதை முழுவதும் தயாராக இருந்தது. காரையும் கண்ணாடியையும் உளுந்தையும் காரியஸ்தர் கையிலிருந்த கம்பையும் ஒன்றொன்றாக எடுத்து அவர் மடியில் போட வேண்டும். அவர் அதைக் கேட்டு, நினைவுக்குக் கொண்டுவந்து, முகம் வெளுக்க வேண்டும். பழி என்றால் யாருக்காக, எதற்காக என்று அனுபவிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

அவர் கேட்கவில்லை. அரிவாளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"இட்ஸ் ஓகே. நோ ப்ராப்ளம்" என்றார். பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு டிரைவரிடம் போய், "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் தம்பி" என்றார்.

அந்த வாக்கியம் கயல்விழிக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று இதே ரோட்டில் மெஷின்காரனிடம் அப்பாவும் அதையேதான் சொன்னார். என் மகள் படித்தவள், அவள்தான் சொன்னாள் என்று சொல்லவில்லை. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் தம்பி என்றார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அந்தப் பொய்யில் பாதி தன்னுடையது என்பது அவளுக்கு மறந்ததே இல்லை. அந்தப் பாதியைச் சுமக்க முடியாமல்தான் முழுவதையும் தூக்கி ஹரிசங்கர் தலையில் வைத்திருந்தாள். ஆனால் பழி தீர்க்கிற நாளில் யார் இதையெல்லாம் யோசிப்பார்கள்? வினை விதைத்தவன் வினை அறுக்கிறான், அறுக்கட்டும் என்று மனசைத் திருப்பிக்கொண்டாள்.

மெஷின் லாரியில் ஏறிப் போயிற்று. ஜாஃபர் அவள் பக்கம் திரும்பாமல் பைக்கை எடுத்தார். ஹரிசங்கர் வரப்பு வழியாகத் தன் வயலுக்கு நடந்தார்.

மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்துவிட்டது. இராஜாங்கம் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து எலி பிடிக்கிற கிட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதாகிறது, இப்போதும் வயலுக்கு வராமல் இருக்க மாட்டார். காலையில் ரோட்டில் நடந்ததை அங்கிருந்தே பார்த்திருந்தார். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மெஷின் போயிருச்சா?" என்றார்.

"போயிருச்சுப்பா."

"சந்தோசமா இருக்கா?"

"இருக்குப்பா" என்றாள். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. "உங்கள ஏமாத்தினான்ல. இப்ப எப்படி இருக்குன்னு அவனுக்கும் தெரியட்டும்."

இராஜாங்கம் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"அவரு எங்கம்மா ஏமாத்துனாரு? அன்னைக்கே இல்லேன்னுதான சொன்னாரு."

கயல்விழி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இதுக்கு இங்கிலீசு வேற தெரியணுமாக்கும். வழி தர்றவன் கார் கண்ணாடிய ஏத்திக்கிட்டே பேச மாட்டான். மெஷின் என்னைக்கு வருது, எந்தப் பக்கம் எறக்குறேன்னு கேப்பான். அவரு ஒண்ணுமே கேக்கல. இல்லேங்கறத நம்ம பாசையில சொல்ல அவருக்கு வாய் கூசிப்போச்சு, அந்தப் பாசையில சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுக்கிட்டா எங்கிட்ட என்ன சொல்றாருன்னு கேட்டீங்க?"

இராஜாங்கம் கிட்டியைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்கூடப் பழசாகிப் போயிருந்தது.

"நீ திருப்பி ஒரு வார்த்த கேப்பேன்னு பாத்தேன். எனக்கு அவங்க வாசல்ல வாய் வராது. எங்கப்பனும் அங்க குனிஞ்சே நின்னவரு. நீ படிச்ச புள்ள. ஏன் சார் முடியாதுன்னு அவரு பாசையிலயே ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தேன்னா, மனுசன் பதில் சொல்ல முடியாம வழிய விட்டிருப்பாரு. அதுக்குத்தான் அன்னைக்கு உன்னக் கூட்டிட்டுப் போனதே. நீ சரின்னு சொல்றாருன்னுட்ட."

"அப்பறம் எதுக்கு மெஷினக் கூட்டியாந்தீங்க?"

"எம்பொண்ணுக்குப் புரியலன்னு ஊருல சொல்லவா? பேனாவ வேற எல்லார்ட்டயும் காட்டியிருந்தேன்" என்றார் இராஜாங்கம். "மூணு மா நெல்லுதான. போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்."

காற்று எழுந்தது. அவளுடைய பச்சைப் பயிர் வளைந்து நிமிர்ந்தது. அதற்குப் பின்னால், ஆள் உயரத்துக்குப் பழுத்து நின்ற கிச்சிலிச் சம்பா ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. அதற்குள் ஹரிசங்கர் ஒருவராக அரிவாளோடு குனிந்துகொண்டிருந்தார். பிடி பிடிக்கத் தெரியாமல், கதிரைப் பாதியில் அறுத்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அடுத்ததை அறுத்தார். பன்னிரண்டு மா. பத்து ஆள் இறங்கினாலும் ரெண்டு நாளாகும்.

ஊர் ஊராக எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லிக் கொடுத்தவள் அவள். தான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே பதில், மூன்று சொல், ஒய் நாட் சார், ஏன் சார் முடியாது. அது அன்றே அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். இருபது வருடப் பகையும் அந்த மூன்று சொல்லை மறைக்கக் கட்டிய சுவர் என்று இப்போது பட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. தன் மேலேயே அசிங்கமாக இருந்தது.

போனை எடுத்து ஜாஃபர் சாதிக்கைக் கூப்பிட்டாள்.

"பாய், மெஷின் எங்க நிக்குது?"

"அது அப்பவே போயிருச்சே மேடம். சீர்காழிப் பக்கம். அங்க பத்து நாள் வேல இருக்கு."

"திருப்பிக் கொண்டாந்துடுங்க. என் பயிர்ல எறக்கிக்கட்டும். எவ்வளவு அழிஞ்சாலும் பரவால்ல."

மறுமுனையில் லாரி போகிற சத்தம் கேட்டது.

"இங்க தூறல் போட ஆரம்பிச்சுருச்சு மேடம். இனிமே எந்த மெஷினும் வராது" என்றார். "ஸாரி மேடம்."

முதல் சொட்டு அவள் கையில் விழுந்தது. இராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தங்கள் வயலில் வடிகால் மடையைத் திறக்கப் போனார். போனில் ஜாஃபர் இன்னும் இருந்தார். ஸாரி சொன்னவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இட்ஸ் ஆல் ரைட் இல்லை. நெவர் மைண்ட் இல்லை. டோன்ட் வொரியும் நோ ப்ராப்ளமும் இல்லை. பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்த நான்கில் ஒன்றுகூட இதற்குச் சேரவில்லை. அன்று அப்பாவிடம் சொன்ன அதே சொல்தான் வாயில் வந்தது.

"சரி" என்றாள் கயல்விழி.